விரதமும் பாலாடைக்கட்டியும்

கேள்வி: பிரான்ஸ் தேசத்துப் பர்கண்டிப் பிரதேசத்துக்குப் போகிறேன். மதுவைத் தொடாத எனக்கு அங்கே என்ன வேலை?

பதில்: 1443-இல் ஏழை நோயாளிகளுக்கென்று ஸ்தாபிக்கப்பட்டு, தானமாக வந்த திராட்சைத் தோட்டங்களின் மதுவை 1859 முதல் ஏலம் விட்டுவரும் போன் நகரத்துத் தர்ம வைத்தியசாலைக்கு (நோயாளிக்குக் கஷாயம், தனவந்தனுக்கு மது!) எதிரே, சனிக்கிழமை காலையில் கூடும் சந்தையில், பிரெஸ் கோழியையும் கடுகு விழுதையும் பராக்குப் பார்த்துக்கொண்டு நடப்பதைவிட உத்தமமான வேலை வேறென்ன இருக்கிறது? ஆனால் எப்புவாஸ் என்ற பாலாடைக்கட்டியிடம் மட்டும் ஜாக்கிரதை. திராட்சைச் சக்கையில் வடித்த சாராயத்தால் அதை வாரந்தவறாமல் ஸ்நானம் செய்விப்பதைப்போல் கழுவிக் கழுவியே பக்குவப்படுத்துகிறார்களாதலால், தங்கள் விரதம் கோப்பையில் தப்பித் தட்டில் பங்கமடையக்கூடும். மத்தியானத்தோடு சந்தை கலைந்துவிடும்; விடிந்ததும் பையுடன் புறப்படுங்கள்.