முகூர்த்தம் குறித்தலில் சந்திராஷ்டமத்தின் ராஜதந்திரப் பயன்பாடு: ஓர் ஆய்வு

பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் கல்யாணத் தேதி குறிக்கிறார்கள் என்பது பாமரர் கொள்கை. தேதியை மனசுக்குள் குறித்த பிறகே பஞ்சாங்கத்தைப் பிரிக்கிறார்கள் என்பது இவ்வாய்வின் துணிபு.

முதலில் கழித்தல். ஆடி, மார்கழி கூடாது. புரட்டாசியையும் பலர் தொடமாட்டார்கள். எஞ்சியதில் அஷ்டமி, நவமி, கரிநாள், செவ்வாய், சனி போகும். தேய்பிறை என்றால் மாப்பிள்ளை வீட்டுப் பாட்டி முகம் சுளிப்பார். இதெல்லாம் தினசரி காலண்டரிலேயே அச்சாகிவிடுவதால் தந்திரத்துக்கு வழியில்லை.

தந்திரம் சந்திராஷ்டமத்தில் தொடங்குகிறது. பிறந்த ராசிக்கு எட்டாம் ராசியில் சந்திரன் நிற்கும் காலம் அது. மாதத்தில் ஆளுக்கு ஏறக்குறைய இரண்டேகால் நாள். மணமக்களுக்கு மட்டும் பார்த்தால் நாலரை நாள். பெற்றோர் நால்வரையும் சேர்த்து, ஆறு பேருக்கும் ஆறு ராசியாக அமைந்துவிட்டால் பதின்மூன்றரை நாள், அதாவது பாதி மாதம் காலி. ஒன்றுவிட்ட சித்தப்பாக்களையும் சேர்க்கும் குடும்பத்தில் கல்யாணமே நடக்காது. ஆகவே யார் ராசியை எப்போது ஞாபகம் வைத்துக்கொள்வது என்பதில்தான் திறமை. களச்சான்று ஒன்று:

"தை 20 வெச்சுக்கலாமா சம்பந்தி?"

"எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. பொண்ணோட அம்மாவுக்கு அன்னிக்குச் சந்திராஷ்டமமாம். மாசியில அமோகமா இருக்குன்னு ஜோசியர் சொல்றாரு."

ஏலச்சீட்டுப் பணம் மாசியில்தான் கைக்கு வரும் என்பது ஜோசியருக்குத் தெரியாது. சம்பந்திக்குத் தெரியும், கேட்கமாட்டார். பணம் புரளவில்லை என்றால் பேச்சு வளரும், சந்திரன் சரியில்லை என்றால் மறுபேச்சு கிடையாது. யாராவது காலண்டரை எடுத்துச் சரிபார்க்கத் துணிந்தால், "உங்களுது வாக்கியமா, திருக்கணிதமா?" என்று ஒரு கேள்வி போதும்.

விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று அண்ணா ஆட்சியில் 1967இல் சட்டத் திருத்தம் வந்தது. வேண்டுமென்றே ராகு காலத்தில் மாலை மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை இதற்கு உகந்தது. லீவு போட வேண்டாம். ஆனால் ராகு காலத்தைத் தேடிப் பிடிக்கவும் அதே காலண்டரைத்தான் புரட்டியாக வேண்டும்.

இனி நேரம். பத்திரிகையில், "காலை 7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள் மீன லக்னத்தில்" என்று போடுகிறார்கள். அடுத்த மண்டபத்திலும் ஒரு கல்யாணத்தை ஒப்புக்கொண்டிருக்கும் ஐயர் 7.35க்கே கெட்டிமேளம் கேட்பார். வீடியோக்காரரோ, "மாப்பிள்ளை, கையை அப்படியே வைங்க, லைட் வரல" என்பார். இந்த இழுபறியில் மாப்பிள்ளை போடும் முதல் முடிச்சு 8.59க்கு விழுந்து, நாத்தனார் போடும் மற்ற இரண்டும் 9.01க்கு விழுந்தால் கல்யாணம் எந்த லக்னத்தில் சேர்த்தி என்பதற்குப் பஞ்சாங்கங்களில் விடை இல்லை. நாத்தனார்களைக் கேட்டால், தங்கள் முடிச்சுதான் கணக்கு என்கிறார்கள்.