மீனுக்கு 4 பாகை, எனக்கு மைனஸ் 15

ஸ்காபரோ, கனடா
மாசி மாதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

"குளிர்காலத்தில் அங்கே என்னடா செய்வாய்?" என்று போனில் கேட்டீர்கள். மீன் பிடிக்கிறேன் என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் லைன் கட்டாகிப் போனது. அதனால்தான் இந்தக் கடிதம்.

டொரண்டோவுக்கு வடக்கே காரில் ஒரு மணித்தியாலம் போனால் சிம்கோ ஏரி வரும். 700 சதுர கிலோமீற்றருக்கும் பெரிது. தை, மாசியில் சனம் அதன் மேல் நடக்கிறது, குடில் போட்டுக் குந்துகிறது. தெளிந்த, உறுதியான ஐஸ் குறைந்தது 10 சென்ரிமீற்றர் தடிப்பாக இருந்தால்தான் ஆள் ஏறலாம். அதில் பெரிய துறப்பணத்தால் துளை போட்டு, பேர்ச் என்கிற மஞ்சள் மீனுக்குத் தூண்டில் விடுகிறோம். நம் ஊரிலே, வெள்ளைக்கார எஞ்சினியர் டோசன் துரை போட்ட மலைப் பாதைக்குக் கல்லைக் குடைந்தார்கள், 1832இல் அவர் பெயரில் கோபுரமும் கட்டினார்கள். அந்தக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த நான் ஐஸைக் குடைகிறேன். எனக்குக் கிடைப்பது ஒரு சாண் மீன்.

இதில் பெரிய அநியாயம் என்ன தெரியுமா? நல்ல தண்ணீர் 4 பாகையில்தான் அதிகம் கனக்கும். அந்தத் தண்ணீர் அடியில் தங்கிவிடுவதால் மீன் அங்கே சொகுசாக இருக்கிறது. மேலே மைனஸ் 15இல் நான். பிடிக்கிறவனைவிடப் பிடிபடுகிறவனுக்குச் சுகம்.

நீங்கள் பேராதனைப் பாலத்தடியில் சாரத்தை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் போடுவீர்கள். காலுக்கு அங்கே பயம் என்றால் போகிற வழியில் அட்டைதான், சவர்க்காரம் பூசினால் தீர்ந்தது. இங்கே ஐஸே கடிக்கிறது.

பருத்தித்துறைக்காரர் ஒருவர் எனக்கு இதில் குரு. கடலில் வெறுங்காலோடு வலை இழுத்த பரம்பரை. இப்போது கால் விரலைப் பற்றி ஒரு மணித்தியாலம் பிரசங்கம் செய்கிறார். அவர் சொல்வது இதுதான்: குளிர் காற்றில் வருவதைவிட உள்ளங்கால் வழியாகத்தான் ஏறும். அதனால் ஐஸில் நேராகக் கால் வைக்கவே கூடாது. ஒரு பலகை, இல்லையென்றால் தடித்த ரப்பர் விரிப்பு, அதன் மேல்தான் பாதம். மனுசன் வீட்டு வாசல் கால்மிதியையே தூக்கி வந்துவிடுகிறார். அவர் மனைவி இன்னும் தேடுகிறாராம்.

அடுத்த எதிரி வியர்வை. காரில் ஹீட்டரைப் போட்டு, பூட்ஸோடு போனால் பாதம் வேர்க்கும். பருத்திச் சொக்ஸ் அதைக் குடித்து வைத்துக்கொண்டு பிறகு ஐஸ் மாதிரி ஆகும். ஆகவே சாதாரணச் சப்பாத்தோடு போய், ஏரிக்கரையில்தான் உலர்ந்த சொக்ஸ் மாற்ற வேண்டும். உள்ளே மெல்லியது ஒன்று, மேலே கம்பளி ஒன்று. குளிருதென்று மூன்று நான்கு மாட்டினால் கால் இறுகி இரத்த ஓட்டம் குறைந்து இன்னும் விறைக்கும். அதனால் பூட்ஸ் ஓர் அளவு பெரிதாகவே வாங்குகிறார்கள். விரல் உள்ளே ஆடவேண்டும்.

கடையில் சூட்டுப் பொட்டலமும் விற்கிறது. உள்ளே இரும்புத்தூள். அது காற்றுப் பட்டுத் துருப்பிடிக்கும்போது சூடு வருகிறது. இறுகிய பூட்ஸுக்குள் காற்று போகாவிட்டால் அதுவும் சும்மா கிடக்கும்.

"கொஞ்சம் சாராயம் போட்டால் சூடாகாதா?" என்று நீங்கள் கேட்பது இங்கே கேட்கிறது. ஆகாது பெரியப்பா. தோலுக்கு இரத்தம் பாய்ந்து சூடு போல இருக்கும். உண்மையில் உடம்புச் சூடு வெளியே போகும். தலையையும் நெஞ்சையும் மூடினால்தான் உடம்பு காலுக்கு இரத்தம் அனுப்பும். ஆகவே தொப்பியும் பிளாஸ்கில் தேத்தண்ணியும்தான். கோபிக்க வேண்டாம்.

இவ்வளவு பாடுபட்டு எவ்வளவு மீன் என்று பெரியம்மா கேட்பார். ஒரு குழம்புக்குக் காணும், பொரியலுக்குக் காணாது என்று சொல்லிவிடுங்கள்.

அங்கிருந்து யாராவது வந்தால் நுவரெலியாவில் இரண்டு சோடி கம்பளிச் சொக்ஸ் வாங்கி அனுப்புங்கள். பருத்தி வேண்டாம். அளவு பெரிதாகப் பார்த்து வாங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்