கோமாளிக்குக் கார்கோ பேண்ட்

மெக்டொனால்ட்ஸின் குலதெய்வம் ஆரம்பத்தில் கோமாளி இல்லை. தலை இருக்கவேண்டிய இடத்தில் பர்கரை வைத்துக்கொண்டு கண்ணடிக்கும் ஒரு குட்டிச் சமையல்காரர்தான். பெயர் ஸ்பீடீ. அதே பெயரில் இன்னொருவன் ஏற்கெனவே அல்கா-செல்ட்ஸர் மாத்திரை விளம்பரத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஸ்பீடீ வயிற்றை நிரப்ப, இன்னொரு ஸ்பீடீ வயிற்றெரிச்சலுக்கு மருந்து கொடுக்க, இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று ஜனங்கள் யோசித்துவிட்டால்? 1960களின் தொடக்கத்தில் சமையல்காரர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

வாஷிங்டனில் வில்லார்ட் ஸ்காட் என்றொருவர் உள்ளூர் டி.வி.யில் போஸோ என்ற கோமாளி வேஷம் கட்டிக்கொண்டிருந்தார். அந்த நிகழ்ச்சி நின்றுபோயிற்று. இந்தப் பக்கம் வேலையில்லாத கோமாளி, அந்தப் பக்கம் கோமாளி இல்லாத பர்கர் கடைக்காரர்கள். பொருத்தம் பார்க்க ஜோசியர் தேவைப்படவில்லை. 1963இல் ரொனால்ட் மெக்டொனால்ட் பிறந்தார்.

அந்த முதல் அலங்காரத்தைப் பழைய விளம்பரப் படத்தில் இன்றும் பார்க்கலாம். பகலில் பார்ப்பது நல்லது. மூக்குக்குக் காகித டம்ளர். தலையில் தொப்பிக்குப் பதில் ஒரு தட்டு, அதன்மேல் பர்கர், ஃப்ரைஸ், மில்க் ஷேக். இடுப்பில் இன்னொரு தட்டு; அதிலிருந்து பர்கர் வந்துகொண்டே இருக்கும். ஒரு பையனிடம் போய்ப் பேச்சுக் கொடுக்கிறார். முன்பின் தெரியாதவர்களிடம் பேசக்கூடாதென்று அம்மா சொல்லியிருக்கிறாள் என்கிறான் பையன். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஆனால் நான் ரொனால்ட் மெக்டொனால்ட் ஆயிற்றே என்கிறார் நம்மாள். பையனும் மயங்கிவிடுகிறான். இதே படத்தை இன்றைக்கு எடுத்தால் அடுத்த காட்சியில் போலீஸ் ஜீப் வரவேண்டியிருக்கும்.

நாடு முழுக்க விளம்பரம் என்று ஆனதும் ஸ்காட்டைக் கழற்றிவிட்டார்கள். தான் குண்டாக இருந்ததுதான் காரணம் என்று அவரே பிற்பாடு சொன்னார். பர்கரும் மில்க் ஷேக்கும் விற்கிற கம்பெனிக்குக் குண்டு ஆள் ஆகாதாம்! சாராயக் கடைக்காரர் குடிக்காத மாப்பிள்ளை தேடிய மாதிரிதான். ஸ்காட் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. என்.பி.சி.யின் காலை நிகழ்ச்சியில் வானிலை சொல்லி, நூறு வயதைத் தொட்டவர்களுக்கெல்லாம் வாழ்த்துச் சொல்லி, நாடறிந்த மனிதரானார்.

தட்டும் டம்ளரும் போய், மஞ்சள் ஜம்ப்சூட், வரி போட்ட சட்டை, சிவப்புத் தலைமுடி என்று ரொனால்ட் நிலைபெற்றுவிட்டார். பல பத்தாண்டுகள் சிக்கல் இல்லை. 2011இல் டாக்டர்கள், மருத்துவத் துறையினர், அமைப்புகள் என்று 550க்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டுப் பத்திரிகைகளில் கடிதம் வெளியிட்டார்கள்: குழந்தைகளுக்கு வலை வீசியது போதும், கோமாளிக்கு ஓய்வு கொடுங்கள். அப்போதைய தலைமை அதிகாரி ஜிம் ஸ்கின்னர் அசையவில்லை. ரொனால்ட் எங்கேயும் போகமாட்டார் என்றுவிட்டார்.

எங்கேயும் போகவில்லை, தையற்காரரிடம்தான் போனார். 2014 ஏப்ரலில் புது ரொனால்ட்: மஞ்சள் கார்கோ பேண்ட், வெஸ்ட், சிவப்பு வெள்ளை வரி ரக்பி சட்டை. விசேஷ நாட்களுக்குச் சிவப்பு கோட்டும் போ டையும். வடிவமைத்தவர் ஆன் ஹூல்ட்-வார்ட். 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' பிராட்வே நாடகத்தின் உடைகளுக்கு டோனி விருது வாங்கியவர். மிருகத்துக்கே உடுப்புத் தைத்தவருக்குக் கோமாளி எம்மாத்திரம்? கூடவே ட்விட்டரிலும் இறக்கிவிட்டார்கள். ஆனால் குழந்தைகளை வீரிட வைத்த அந்த வெள்ளைப் பூச்சு முகமும் ரத்தச் சிவப்பு வாயும் அப்படியே இருந்தன. ஐம்பது வயதில் ஒருவர் பாக்கெட் நிறைய வைத்த பேண்ட் போட்டுக்கொண்டால் இளைஞர் ஆகிவிடுவார் என்று நம்புவது அமெரிக்காவில் மட்டும் நடக்கிற கூத்து இல்லை என்பதால் இதற்குமேல் கேலி செய்ய எனக்கு வாயில்லை.

2016இல் அமெரிக்காவில் கண்ட கண்ட ஆட்கள் கோமாளி முகமூடி மாட்டிக்கொண்டு தெருவில் நின்று மக்களைப் பயமுறுத்தத் தொடங்கினார்கள். ரொனால்ட் பொது நிகழ்ச்சிகளுக்கு வருவதைக் குறைத்துக்கொள்வார் என்று அக்டோபரில் கம்பெனி அறிவித்தது. 550 கையெழுத்துக்கு அசையாத ஆசாமியை முகமூடிப் பசங்கள் உள்ளே தள்ளிவிட்டார்கள். கார்கோ பேண்ட் வெளியில் ஜோராக நடமாடியது மொத்தம் இரண்டரை வருடம்.