இரண்டே முக்கால் லட்சத்துக்கு ஒரு கார்

கார் வாங்க ஆகும் செலவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மாதத் தவணை, இன்சூரன்ஸ், டீசல் விலை என்று டீக்கடை முதல் கல்யாணப் பந்தி வரை அதே பேச்சுதான். வாங்கிய காரைச் சும்மா விடாதவர்களுக்கு ஆகும் செலவைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அந்தக் கணக்கு முழுதாக யாரிடமும் கிடையாது. செலவு செய்தவரே கூட்டிப் பார்த்திருக்க மாட்டார். கூட்டி எழுதி வைத்தால் வீட்டில் வேறு யார் கண்ணிலாவது பட்டுவிடுமே!

என் மைத்துனனுக்கும் அந்த பயம் உண்டு. கோயம்புத்தூரில் இருக்கிறான். பழைய டீசல் ஸ்விஃப்ட் ஒன்றை செகண்ட் ஹேண்டில் 2,75,000 ரூபாய்க்கு வாங்கினான். நல்ல கார்தான். 1,248 சிசி எஞ்சின், ஃபியட் வடிவமைத்தது. மாருதி, டாடா, ஃபியட் என்று ஆளாளுக்கு எடுத்துப் போட்டுக்கொண்டதால் கார்ப் பிரியர்கள் இதற்கு 'தேசிய எஞ்சின்' என்றே பட்டம் கொடுத்திருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் மாருதி டீசல் கார்களை நிறுத்திய பிறகு, இருக்கிற வண்டிகள் மீது அவர்களுக்குப் பாசம் இன்னும் கூடிவிட்டது. இதன் சக்தி 75 குதிரை. அவன் வீட்டிலிருந்து ஆபீஸ் நாலு கிலோமீட்டர், வழி நெடுகச் சிக்னல். அதற்கு 75 குதிரை போதாது என்று அவனுக்கு எந்த சிக்னலில் நிற்கும்போது தோன்றியதோ, தெரியவில்லை.

அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊர் அப்படி. மாருதி 800-இன் எஞ்சினை எடுத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரைச் செய்த கரிவர்தன் கோயம்புத்தூர்க்காரர். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு அவர் பெயர்தான். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்தான். இவர்கள் எல்லாம் காரைக் கழற்றி மாட்டியது பந்தயத்துக்காக. என் மைத்துனனிடம் எதற்கு என்று கேட்டால், "ஃபீல் மாமா" என்பான்.

ஆரம்பம் நாலு சக்கரத்தில். கம்பெனி கொடுத்த 14 இஞ்ச் வீல் 'சைக்கிள் மாதிரி' இருக்கிறதாம். 16 இஞ்ச் அலாய் வீல் வந்தது. "என்னடா விலை?" என்று என் மனைவி கேட்டாள். "பன்னெண்டாயிரம்க்கா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. ஒரு வீலின் விலை அதுதான். காருக்கு எத்தனை வீல் என்பது அக்காவுக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பழைய டயர் புது வீலுக்குச் சேராது என்பதும் அப்படித்தான். வீல் பெரிதானதால் டயரின் பக்கவாட்டு உயரம் குறைந்தது. அதனால் பள்ளத்தில் விழும் அடியை முன்போல டயர் தாங்கவில்லை, ரிம் தாங்கியது. ரிம் வளைந்தது. வளைந்த ரிம்மை நிமிர்த்துவதற்கென்றே தனியாகக் கடைகள் இருக்கின்றன என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

பெரிய வீல் மாட்டியும் சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே இடைவெளி தெரிகிறது என்றான். எங்கள் யார் கண்ணுக்கும் தெரியாத அந்த இடைவெளியை மூட லோயரிங் ஸ்ப்ரிங் போட்டு வண்டியை 40 மில்லிமீட்டர் இறக்கினான். கம்பெனி கொடுத்த தரை இடைவெளி 170 மில்லிமீட்டர். மிச்சத்தை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

வேகத்தடை என்றால் 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், மேலே சீரான வளைவு என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவு வகுத்திருக்கிறது. நம் தெருவில் இருக்கும் வேகத்தடைகளுக்கும் அந்தப் புத்தகத்துக்கும் சம்பந்தம் கிடையாது. அவை ஏதோ ஒரு விபத்துக்கு மறுநாள் ஊர்க்காரர்கள் கோபத்தில் கட்டியவை. கோபம் எவ்வளவோ, உயரமும் அவ்வளவு. ஆகவே மைத்துனன் காரில் குடும்பத்தோடு போவதற்கு ஒரு முறை உண்டு. வேகத்தடைக்கு முன்னால் வண்டியை நிறுத்துவான். நாங்கள் எல்லோரும் இறங்குவோம். காலி வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவான். நாங்கள் அந்தப் பக்கம் நடந்து போய் ஏறிக்கொள்வோம். மருதமலைக்குப் போன அன்று என் மாமியார் கதவைத் திறந்து திறந்து சலித்துப்போய், "இத்தன தூரம் நடக்கறதுக்கு பஸ்ஸுலயே வந்திருக்கலாமே கண்ணு" என்றார். படியேறும்போதுதான் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது என்றும் சொன்னார்.

ஹெட்லைட் கதை சின்னது. 60/55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100/90 போட்டான். ஹோல்டர் உருகியது. அதற்காகத் தனி வயரிங், ரிலே. இப்போது எதிரே வருகிறவர்கள் எல்லாம் இவனைப் பார்த்து லைட்டை அடித்து அடித்துக் காட்டுகிறார்கள். பாராட்டுகிறார்கள் என்று நினைக்கிறான். மியூசிக் சிஸ்டமும் இதே வழியில்தான் போனது. ஸ்பீக்கருக்காக ஆம்ப், வூஃபர் அதிர்வில் கதவு கடகடத்ததால் டேம்பிங் ஷீட், எல்லாம் சேர்ந்து பேட்டரியைக் குடித்ததால் பெரிய பேட்டரி. கேட்பதெல்லாம் இளையராஜா. அதை என் பழைய டிரான்சிஸ்டரிலேயே கேட்கலாம்.

எஞ்சினுக்கு வருவோம். லேப்டாப்பைச் செருகி, எஞ்சின் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கைத் திருத்தி எழுதுவதற்கு ரீமேப் என்று பெயர். அரை மணி நேர வேலை, 25,000 ரூபாய். கையில் எடுத்துப் பார்க்க ஒரு நட்டு போல்ட்கூட வராத ஒன்றுக்கு இவ்வளவு பணம் கொடுத்தவனை அன்றுதான் பார்த்தேன். அதற்கு 'ஸ்டேஜ் 1' என்று பெயராம். 1 என்று எண் போட்டால் 2 வரும் என்பது எனக்கு உடனே புரிந்தது, அவனுக்கு அடுத்த போனஸில் புரிந்தது. எஞ்சின் சக்தி கூடியதும் பழைய கிளட்ச் வழுக்கியது. கிளட்ச் மாற்றியதும் வண்டி பறந்தது. பறந்த வண்டியை நிறுத்தப் பழைய பிரேக் போதவில்லை. இப்போது 96 குதிரை என்று, சக்தியை அளந்து சொல்லும் ஒரு டைனோ ரிப்போர்ட்டை லேமினேட் செய்து ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறான். ஆர்.சி.யில் ஒரு வண்டி, ரிப்போர்ட்டில் வேறொரு வண்டி, இரண்டுக்கும் ஒரே நம்பர் பிளேட்.

இத்தனையிலும் உருப்படியானவை பிரேக்கும் டயரும்தான் என்பது என் கட்சி. ஆனால் அவற்றை யாரும் நின்று போட்டோ எடுப்பதில்லை. எடுப்பதெல்லாம் பின்னால் நிற்கும் ஸ்பாய்லரை. காற்று அழுத்திப் பின்சக்கரத்தைத் தரையோடு சேர்த்துப் பிடிக்கத்தான் ஸ்பாய்லர், அதுவும் நல்ல வேகத்தில். ஸ்விஃப்டை இழுப்பதோ முன்சக்கரம். காந்திபுரம் சிக்னலில் அந்த ஸ்பாய்லர் செய்யக்கூடிய ஒரே வேலை, காக்கை உட்கார இடம் கொடுப்பது.

சாமான் வாங்க இவன் சென்னைக்கும் போவான். அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையை, அதாவது ஜி.பி. ரோட்டை, உங்களுக்குத் தெரிந்திருக்கும். புதுப்பேட்டையும் அங்கிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான். ஜி.பி. ரோட்டில் காருக்கு மாட்டுவார்கள், புதுப்பேட்டையில் காரைக் கழற்றுவார்கள். இந்த ஆர்வலர்களின் வாழ்க்கை மொத்தமும் இந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் நடக்கிறது.

கணக்கு யாரிடமும் இல்லை என்று சொன்னேன் அல்லவா? முழுக்கணக்கு இல்லையே தவிர, மைத்துனனின் போனில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் மூன்று தலைப்புகள்: 'அவசியம்', 'சேஃப்டி', 'டிஸ்கவுண்ட்டில் வந்தது'. செலவு என்று ஒரு தலைப்பே கிடையாது. உறுமுகிற புது சைலன்சரை சேஃப்டியில் எழுதியிருந்தான். ஏண்டா என்றால், "பின்னாடி வர்றவனுக்கு நாம இருக்கறது தெரியணும்ல மாமா" என்றான்.

அரசாங்கத்துக்கு இந்தத் தலைப்புகளில் நம்பிக்கை இல்லை. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் தண்டனை, ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அந்த 5,000 ரூபாய் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனி. ஆக இவன் காரில் என்னென்ன மாறியிருக்கிறது என்று ஒன்று விடாமல் எண்ணப்போகிற முதல் ஆள் ஆர்.டி.ஓ. அதிகாரியாகத்தான் இருப்பார். கறுப்பு ஃபிலிமுக்கு 2012-இலேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டாயிற்று. அதை ஒட்டுவதற்கு ஒரு காசு, மாட்டினால் அபராதம், உரித்த பிறகு பசையைச் சுரண்ட இன்னொரு காசு. ஒரே சாமானுக்கு மூன்று முறை பணம் கட்டும் பாக்கியம் வேறு எந்தப் பொழுதுபோக்கில் கிடைக்கும்? சொல்லாமல் செய்த மாற்றங்களைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்தால் அது நாலாவது.

இப்போது காரை விற்கப் போகிறான். அடுத்ததாக தார் ஜீப் வாங்க வேண்டுமாம். அதில் மாட்டுவதற்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறதாம். வந்து பார்த்த புரோக்கர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "அலாய் போட்டிருக்கீங்க, சைலன்சர் மாத்தியிருக்கீங்க, எஞ்சின்லயும் கை வெச்சிருக்கீங்க" என்று அவர் அடுக்க, மைத்துனன் முகத்தில் பெருமை வழிந்தது. "கம்பெனி கண்டிஷன்ல இருந்தா ரெண்டரை சொல்லலாங்க. இது ஒண்ணு எம்பது போகும்" என்று முடித்தார் அவர். போட்டதற்கெல்லாம் விலை கூடும் என்று இவன் காத்திருக்க, அவர் ஒவ்வொன்றுக்கும் கழித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

ஆகவே போட்டதை எல்லாம் கழற்றி, கழற்றியதை எல்லாம் மறுபடி போட வேண்டும். கூலி தனி. இவன் வீட்டில் இடமில்லை என்று பழைய வீல், ஸ்ப்ரிங், சைலன்சர், சீட் கவர் எல்லாம் எங்கள் வீட்டுப் பரணில்தான் கிடக்கின்றன. பொங்கலுக்கு இறக்கும் பித்தளைப் பானை அவற்றுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது. வாசகர்களில் யாருக்காவது ஒரு நல்ல டீசல் ஸ்விஃப்ட் தேவைப்பட்டால், தை பிறப்பதற்குள் சொல்லுங்கள். விலையைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், வண்டியைப் பார்க்க வரும்போது எங்கள் தெரு வேகத்தடைக்கு அந்தப் பக்கமே நின்றுகொள்ளுங்கள்.