நடுச் சீட்டுத் தொடையியல்: அண்ணாகிராமம் ஒன்றியத்துப் பஸ்களை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஆய்வுக் கட்டுரை ‘தொன்றுதொட்டு’ என்ற சொல்லில் தொடங்க வேண்டும் என்பது விதி. தொன்றுதொட்டு மனிதர்கள் உட்கார்ந்து வந்துள்ளனர். ஆயினும், பக்கத்தில் உட்காருபவருக்கு எவ்வளவு இடம் விடுவது, விடாத இடத்துக்கு யார் காசு கொடுப்பது என்பது குறித்துத் தமிழில் முறையான ஆய்வு எதுவும் வெளிவந்ததாகத் தெரியவில்லை. (தேடிப் பார்க்கவில்லை. தேடினால் தெரிந்துவிடும் என்பதால் முன்னுரை எழுதுவோர் பொதுவாகத் தேடுவதில்லை.) அந்தப் பெருங்குறையை இக்கட்டுரை நீக்குகிறது.

ஆய்வெல்லை வருமாறு: கடலூரில் கிளம்பி, நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம் வழியாகப் பண்ருட்டி போகும் பஸ், அதில் டிரைவருக்குப் பின்னால் வரிசையாக உள்ள மூன்று பேர் சீட்டு, அதிலும் குறிப்பாக நடு இடம். அண்ணாகிராமம் ஒன்றியத்து மக்கள் இதில் ஏறி இறங்குவதால் தலைப்பில் அந்தப் பெயர் வந்தது. தலைப்பில் ஓர் ஊர் இருந்தால் கட்டுரைக்குக் களப்பணி இருப்பதாகப் படிப்பவர் நம்புவார். பஸ்ஸோடு விமானத்தையும் இவ்வாய்வில் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நெய்வேலியில் ஓடுதளம் இருக்கிறது. 2017-இல், சிறு நகரங்களுக்கு விமானம் விடும் உடான் திட்டப் பட்டியலில் அதன் பெயரும் வந்தது. விமானம் எப்போது வந்தாலும் வரட்டும், யார் எப்படிக் குந்துவது என்பதையாவது முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொள்ளலாம்.

சராசரிப் பயணி

பல மாநிலங்களின் மோட்டார் வாகன விதிகளில், ஒரு பயணிக்கு 38 செ.மீ. சதுரம் இடம் என்று எழுதியிருக்கும். விமானத்தின் சாதா வகுப்புச் சீட்டு ஏறத்தாழ 43 முதல் 46 செ.மீ. அகலம். இந்த அளவுகளுக்குள் அடங்குபவரே சராசரிப் பயணி.

அவரைத் தேடி இவ்வாய்வாளர் அலைந்தார். லிஃப்டில் இருக்கிறார்: ‘6 பேர், 408 கிலோ’ என்ற பலகையை வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 68 கிலோ. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் கணக்கிலும் இருக்கிறார். அங்கே பெரியவர் 75 கிலோ, குழந்தை 35, கைக்குழந்தை 10. லிஃப்டில் 68 ஆக இருந்தவர் விமானத்தில் 75 ஆனது எப்படி? வித்தியாசம் 7. உள்நாட்டு விமானத்தில் கையோடு எடுத்துப்போக விடும் பையும் 7 கிலோதான். ஆகவே, சராசரிப் பயணி லிஃப்டில் ஏறும்போது பையை வெளியே வைத்துவிட்டு ஏறுகிறார் என்பது பெறப்படும். இதைத் தற்செயல் என்பவர் ஆய்வாளர் அல்லர். இதைவிட மெலிந்த சான்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நூலின் காலத்தை இரண்டு நூற்றாண்டு முன்னே தள்ளியவர்கள் உண்டு. அவர்களுக்குக் கட்டுரை படிக்க ஐந்து நிமிடமும், பொன்னாடை போர்த்த இருபது நிமிடமும் ஒதுக்கிய கருத்தரங்குகளும் உண்டு.

பஸ்ஸில் மட்டும் சராசரிப் பயணி ஏறியதே இல்லை (கண்டக்டர் ஒருவர், வாய்மொழி).

தொடை வகைகள்

அமிதசாகரர் யாப்பருங்கலக் காரிகையில் தொடைகளைப் பற்றி எழுதிய காலத்தில் மூன்று பேர் சீட்டு வந்திருக்கவில்லை. அந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டு, யாப்பு நூலார் வகைகளை அப்படியே எடுத்தாள்கிறோம்.

மோனைத் தொடை, முதலில் வந்தவருடையது, ஜன்னலோரம். எதுகைத் தொடை, இரண்டாவதாக வந்து நடுவில் மாட்டிக்கொண்டவருடையது. முரண் தொடை, இடமிருந்தும் வலமிருந்தும் ஒரே நேரத்தில் தள்ளுவது. இயைபு, இறங்கும் ஊர் நெருங்கியதும் இருவரும் சிநேகமாகிவிடுவது. அளபெடை, நடைவழிக்குள் நீண்டு டிக்கெட் போட வருபவரைத் தடுக்கிவிடுவது. கல்லூரி மாணவரிடம் மிகுதி. இரட்டைத் தொடை, புதுமணத் தம்பதியர். இவர்களால் இடம் மிச்சம். செந்தொடை எதிலும் படாதது. டிப்போவிலிருந்து வரும் முதல் நடையில் மட்டும் காணலாம்.

அந்தாதித் தொடைக்குத்தான் விளக்கம் தேவை. ஒருவர் தொடை முடியும் இடத்தில் அடுத்தவர் தொடை தொடங்கும். எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று இருவராலும் சொல்ல முடியாது. ‘அண்ணே, கொஞ்சம் தள்ளிக் குந்துங்க’ என்பார் ஓரத்தில் பாதி தொங்குபவர். நடுவிலிருப்பவர் ஜன்னல்காரரைப் பார்ப்பார். ஜன்னல்காரர் வெளியே கரும்பைப் பார்ப்பார். பிறகு மூவரும் இடுப்பை ஒரு முறை தூக்கி, எடுத்த இடத்திலேயே வைப்பார்கள். இடம் உண்டாகிவிட்டதாக மூவரும் மனமார நம்புவார்கள். (மேற்படி கண்டக்டர், வாய்மொழி; விசிலை வாயில் வைத்துக்கொண்டு சொன்னதால் இரண்டு சொற்கள் தெளிவில்லை. அவ்விரண்டும் வசவுச் சொற்கள் என்பது எம் துணிபு.)

விலை

இடுப்பைத் தூக்கி வைக்கும் இந்தச் சடங்கின் மகிமை தெரியாத நாடுகள் தராசை நம்பின. 2013-இல் சமோவா ஏர் என்ற சின்ன நிறுவனம், பயணியையும் பெட்டியையும் சேர்த்து நிறுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கியது. அதன் விமானங்கள் மிகச் சிறியவை; அப்படிப்பட்ட விமானத்தில் ஒருவர் எடை என்ன என்பது விமானிக்கு உண்மையிலேயே வேண்டிய சங்கதி. அமெரிக்காவின் சௌத்வெஸ்ட், கைப்பிடியைத் தாண்டுபவர் பக்கத்துச் சீட்டையும் வாங்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. கனடாவின் போக்குவரத்து ஆணையம் 2008-இல் இதற்கு நேர் எதிராகத் தீர்ப்பளித்தது: உடற்பருமனால் இயலாமைக்கு உள்ளானவருக்கு உள்நாட்டு விமானத்தில் இரண்டு சீட்டு வேண்டுமென்றால், இரண்டாவதற்குக் காசு வாங்கக் கூடாது, ஆள் ஒன்று, டிக்கெட் ஒன்று. ஏர் நியூசிலாந்து 2023-லும் ஃபின்ஏர் 2024-லும் பயணிகளை எடை போட்டன. அது சராசரியைக் கண்டுபிடிக்க, விலை வைக்க அல்ல. நம் நாட்டிலோ, 2015-இல் ஏர் இந்தியா எடை கூடிய நூற்றுக்கும் மேற்பட்ட விமானப் பணியாளர்களைப் பறக்கும் வேலையிலிருந்து நிறுத்த முனைந்தது. உட்கார்ந்து சாப்பிடுபவரை விட்டுவிட்டு, நின்று பரிமாறுபவரை நிறுத்துப் பார்த்த பெருமை நமக்கே உரியது.

எடைக்கு விலை என்பது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதல்ல. நெல்லிக்குப்பத்தில் 1840களிலிருந்து சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு வண்டி எடை மேடையில் ஏறாமல் உள்ளே போகாது. போகிற வழிதானே, பஸ்ஸையும் ஆளோடு அதில் ஒரு முறை ஏற்றி இறக்கினால் என்ன என்று கேட்கலாம். ஆனால் கரும்புக்கு எடை மட்டும் போதாது. மத்திய அரசு அறிவிக்கும் விலை 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்தை அடிப்படையாக வைத்தது. கட்டுமானம் பிழிந்தால்தான் தெரியும். பயணியைப் பிழியும் வேலையை நடுச் சீட்டு ஏற்கெனவே செய்து வருகிறது. கணக்கெடுக்கத்தான் ஆள் போடவில்லை.

இதில் ஒரு விந்தையைக் குறிப்பிட வேண்டும். எந்த நாட்டிலும் சண்டை கைப்பிடியின் இந்தப் பக்கத்து ஆளுக்கும் அந்தப் பக்கத்து ஆளுக்கும்தான். ‘முழுச் சீட்டுக்குக் காசு கொடுத்தேன், முக்கால்தான் கிடைத்தது’ என்கிறார் ஒல்லியானவர். ‘எனக்கும்தான்’ என்கிறார் பருமனானவர். இருவர் சொல்வதும் சரி. 114 செ.மீ. பலகையில் மூன்று டிக்கெட் விற்றவர் இந்த வழக்கில் கட்சிக்காரரே இல்லை. அவர் ஆபீசில், இருபுறமும் கை வைத்த அகல நாற்காலியில், புகார்ப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

ரயில்வேதான் கொஞ்சம் யோக்கியமாக நடந்துகொண்டது. 2016 ஏப்ரல் முதல், முன்பதிவுப் பெட்டியில் 5 முதல் 12 வயதுக் குழந்தைக்குத் தனி இடம் கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி. வயதைக் கேட்டாலும் விற்றது இடத்தைத்தான். இடத்தை விற்பதாக ஒப்புக்கொண்டால் வாங்கியவருக்கு அதைக் கொடுத்தாக வேண்டும். மற்றவர்கள் ‘பயணம்’ விற்பதன் ரகசியம் அதுதான்.

கனத்துக்கு விலை வைப்பதில் எல்லோருக்கும் முன்னோடி, பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டுரையாளரிடமே காசு வாங்கி அச்சிடும் ஆய்விதழ்கள். அடுத்த பகுதி நீண்டுபோவதை வைத்து இவ்வாய்வாளரை வசதியானவர் என்று எண்ண வேண்டாம்.

பலாப்பழப் பிரச்சினை

பண்ருட்டிப் பலா பத்து, பதினைந்து கிலோ இருப்பது சாதாரணம். முப்பதைத் தாண்டுவதும் உண்டு. கோடையில் இது பஸ்ஸில் ஏறும்போது மேற்சொன்ன கோட்பாடுகள் எல்லாம் கலகலத்துப் போகின்றன.

தமிழ்நாட்டு அரசு பஸ்ஸில் ஐந்து வயது வரை குழந்தைக்கு டிக்கெட் இல்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்கும் கட்டணம் இல்லை. ஒரு பெண் 15 கிலோ குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வந்தால் செலவு சுழியம். அதே பெண், அதே மடியில், 15 கிலோ பலாவை வைத்துக்கொண்டால் லக்கேஜ். குழந்தை ஜன்னல் கேட்கும், அழும், முன் சீட்டுக்காரர் குடுமியைப் பிடித்து இழுக்கும். பலா ஒன்றும் செய்யாது. ஆயினும் தண்டம் பலாவுக்குத்தான்.

இது பற்றி மூன்று பள்ளிகள் உள. பழம் தாயின் உடலில் அடக்கம் என்பர் மடிக் கொள்கையினர். பழம் தரையில் அடக்கம் என்பர் சீட்டடிக் கொள்கையினர். பிரேக் போடும்போது அது டிரைவர் வரை உருண்டு போவதை இவர்களால் விளக்க முடியவில்லை. டாப்புக் கொள்கையினர், பஸ்ஸின் மேலே மூட்டை ஏற்றும் வழக்கம் அருகியதும் வழக்கொழிந்தனர்.

இனி களப்பணி. மேல்பட்டாம்பாக்கத்தில் ஓர் அம்மா, சாக்கில் கட்டிய பலாவோடு ஏறினார். காம்பு வெட்டிய இடத்தில் பால் கசிந்து, சாக்கின் மூலை பிசுபிசுத்துப் பழுப்பேறியிருந்தது. சாக்கின் இழை வழியே முள் எட்டிப் பார்த்தது. நடுச் சீட்டு காலி. தினத்தாளை விரித்து, பழத்தை அதில் வைத்து, பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார்.

‘யம்மா, பழத்த குந்த வெச்சிட்டு நீ நிக்கிற?’ என்றார் கண்டக்டர்.

‘அது குந்தலனா உருளும். நான் உருள மாட்டேன்.’

‘சீட்ல வெச்சா அதுக்கு டிக்கெட் ஆவும்.’

‘நான்தான் சீட்ல குந்தலயே தம்பி. எனக்குக் குடுக்கிற ஓசி டிக்கெட்ட அதுக்குக் குடு.’

இந்த வாதத்தின் நுட்பத்தைச் சட்டக் கல்லூரிகள் இன்னும் உணரவில்லை. கட்டணமில்லா உரிமை பெண்ணின் உடலுக்கா, அவர் பிடித்திருக்கும் இடத்துக்கா? இடத்துக்கு என்றால், அவர் இடத்தைத் துறந்து பழத்துக்குத் தானம் செய்துவிட்டார். தானத்துக்கு வரி விதிக்கலாமா? உடலுக்கு என்றால், உட்கார்ந்திருக்கும் பழத்துக்கு உடல் இல்லையா? பின்னிருந்து ஒருவர் ‘பலா பெண்பாலா?’ என்று கேட்டார். தமிழில் பழம் அஃறிணை என்று இன்னொருவர் விடை இறுத்தார். அவர் ஆசிரியராக இருக்க வேண்டும். மணி அடித்தது போல உடனே இறங்கிவிட்டார்.

இதற்கிடையில் ஜன்னலோரப் பெரியவர் செய்ததுதான் இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. யாரும் கேட்காமலே அவர் தொடையை ஒடுக்கி, ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்தார். ஓரத்தில் இருந்த பையனும் அப்படியே. பழத்துக்கு இருபுறமும் நான்கு விரற்கடை இடம் உண்டானது. இடமே இல்லாத சீட்டில் இந்த இடம் எங்கிருந்து வந்தது? அது அங்கேயேதான் இருந்தது. கேட்டவருக்கு முள் இல்லை, அவ்வளவுதான். விமான நிறுவனங்கள் கைப்பிடிக்குப் பதிலாகப் பலாத் தோல் பதித்துப் பார்க்கலாம்.

இதற்கு அரணாக ஒரு கல்வெட்டும் கிடைத்தது. (முன் சீட்டின் முதுகுத் தகரத்தில் காம்பஸ் முனையால் பொறித்தது. முதல் வரி, ஓர் இதயமும் அம்பும். அம்பின் இடப்புற எழுத்து பின்வந்த ஒருவரால் சுரண்டப்பட்டிருக்கிறது, வலப்புற எழுத்து பத்திரமாக உள்ளது. இரண்டாம் வரி, ‘தள்ளி உக்காரு’. இரண்டும் ஒரே கையால் எழுதியவை என்றால் காதல் காவியம், வேறு வேறு கை என்றால் இடைச்செருகல். எழுத்தமைதி கொண்டு பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக் காலம் எனலாம்.)

கடைசியில் லக்கேஜ் டிக்கெட்தான் போட்டார்கள். சில்லறை இல்லாததால் பாக்கியைப் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார் கண்டக்டர். இதுவே இவ்வாய்வின் முதன்மை ஆவணம். (ஒற்றை ஏடு, மெல்லிய தாள், பால் பட்டு ஒரு முனை ஒட்டிக்கொண்டது. பின்புறம் நீல மையில் ஓர் எண். அது ‘3’ என்பது கண்டக்டர் பாடம். ‘8’ என்பது அம்மா பாடம். மை கசிந்து வளைவுகள் மூடிக்கொண்டன என்று முன்னவரும், பேனா சரியாக எழுதாததால் வளைவுகள் திறந்துகொண்டன என்று பின்னவரும் உரை கண்டனர். ‘5’ எனத் திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு பயணி பதிப்பாசிரியர் முறையில் இடையே புகுந்தார். இருவரும் சேர்ந்து அவரை ஏசினர். பண்ருட்டி பஸ் நிலையத்தில் நடந்த இரண்டாம் அமர்வில் அம்மா பாடமே மூல பாடம் என்று ஏற்கப்பட்டது. அவர் பழத்தைக் கண்டக்டர் சீட்டில் வைத்துவிட்டு வாதாடியது இதற்குக் காரணமாகலாம்.)

மேலாய்வுக்கு உரியன

தோளில் தூங்கி விழும் தலைக்கு வாடகை உண்டா என்பதை யாரேனும் ஆராயலாம். புதுச்சேரியிலிருந்து 2024 டிசம்பரில் மறுபடி பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் விமானம் விட்டார்கள். அது ஏ.டி.ஆர். ரகம், பக்கத்துக்கு இரண்டு சீட்டு, நடுச் சீட்டே கிடையாது. அங்கே எம் கோட்பாடு செல்லாது என்பதால் அந்த விமானத்தை ஆய்வெல்லைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறோம். ஒத்துவராத சான்றை இப்படி மரியாதையாக வெளியே அனுப்புவதுதான் முறை. களத்தைச் சிதம்பரம் வரை நீட்டினால் முனைவர் பட்டத்துக்குப் பக்கம் தேறும் என்கிறார்கள். பலாப் பருவம் முடிவதற்குள் நெறியாளரைப் போய்ப் பார்க்க வேண்டும். அவருக்குச் சுளை என்றால் உயிராம்.