வேற்றுமை எட்டும் மண்வெட்டி ஒன்றும்

பவணந்தி முனிவர் நன்னூலில் வேற்றுமைகளை எட்டென்று வகுத்து, அவற்றுக்கு உருபும் பொருளும் ஓதி வைத்தபோது, பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு கிருகஸ்தன் ஒருவன் தன் வீட்டுக் கொல்லையில் நாலு கத்தரிக்கன்று நடவேண்டும் என்ற அற்ப ஆசையினால் ஒரு மண்வெட்டியை வாங்கி, அதனால் கொத்தி, அதை அடுத்த வீட்டுக்கு இரவல் கொடுத்து, அதனின் நீங்கி, அது யாரது என்று வழக்காடி, அது எதன்கண் இருக்கிறதென்று தேடி, கடைசியில் வேலியோரம் நின்று கூவி அழைக்கும் பரிதாப நிலையை அடைவான் என்பதை ஞானதிருஷ்டியால் கண்டுதான் அப்படி வகுத்தார் என்று சாதிக்க நான் துணியமாட்டேன். ஆனால் தோட்டக் கருவி ஒன்றின் ஜீவிய சரித்திரம் எழுவாயில் பிறந்து விளியில் முடிவதையும், இடையிலுள்ள ஆறு நிலைகளில் ஒன்றையும் தாண்டிக் குதிக்காமல் வரிசைப்படியே நடப்பதையும் பதினைந்து வருஷ காலம் பிரத்தியட்சமாகக் கண்டவன் என்ற முறையில், இலக்கண ஆசிரியர்கள் வீட்டுத் தோட்டம் போட்டுக் கஷ்டப்பட்டிருக்க வேண்டும் என்ற ஓர் அபிப்பிராயத்தையாவது அறிஞர்களின் முன்பு வைக்க எனக்கு அருகதை உண்டென்று நினைக்கிறேன்.

எழுவாய்க்கு உருபு இல்லை. பெயர் தோன்றிய நிலையே போதும். மண்ணை வெட்டுவது மண்வெட்டி என்பதில் குழந்தைக்கும் சந்தேகம் வராது. அது வாய்க்கு வாய் மாறி மம்பட்டி என்றும் மம்முட்டி என்றும் தேய்ந்த பிற்பாடு, வெள்ளைக்காரனுடைய வாயிலும் புகுந்து, அங்கே இன்னும் சற்றுத் தேய்ந்து, யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியிலே ஓர் இடத்தையும் பிடித்துக்கொண்டது. தமிழ்ச்சொல் என்று அதன் பூர்விகத்தைச் சொல்லும் அந்த நூல், இது தங்கள் நாட்டு மண்வாரியைப் போன்றதன்று, அலகுக்கும் காம்புக்கும் இடையே குறுங்கோணம் அமைந்த கொத்துக் கருவி என்று வித்தியாசத்தையும் எடுத்துக் காட்டுகிறது. பர்னல் துரை தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்து, அரண்மனை நூலகத்து வடமொழிச் சுவடிகளுக்கெல்லாம் அட்டவணை எழுதியவர். சுவடியிலிருந்து தலை நிமிர்ந்த ஏதோ ஒரு மத்தியானத்தில் ஜன்னலுக்கு வெளியே யாரோ வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆராய்ச்சியில் ஓர் ஊகத்துக்கு இடமுண்டு.

களைக்கொட்டின் பெயர் இதைவிடப் பழமையானது. சங்கப் புலவர்கள் அதைத் துளர் என்றார்கள். வள்ளுவரோ செங்கோன்மையில் ஒரு முறையும் உழவில் ஒரு முறையும் களையெடுப்பைப் பிரஸ்தாபித்தும், எதைக் கொண்டு எடுப்பது என்பதை ஓரிடத்திலும் சொல்லவில்லை. முள்மரத்தை இளசாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும், முற்றினால் வெட்டுகிறவன் கையையே அது வருத்தும் என்று அவர் சொன்னதிலிருந்து ஒன்று மட்டும் நிச்சயமாகிறது: அவர் கையில் உறை இல்லை.

இரண்டாம் வேற்றுமைக்கு ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை என்று ஆறு பொருள். கருவியை வாங்கப் போகிறவன் இவற்றுள் ‘ஒத்தல்’ என்பதைக் குறித்து மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஏனென்றால் இக்காலத்துக் கடைகளில் கருவியை ஒத்தவை ஏராளமாகவும் கருவிகள் சொற்பமாகவும் கிடைக்கின்றன. பச்சை வர்ணம் பூசிய பிடியும், பளபளவென்ற மேனியும், மேலே கண்ணாடிக் காகிதமுமாக ஐந்து உருப்படிகள் கொண்ட ஒரு ஜோடனைப் பெட்டியை நான் ஒரு கடையில் மோகித்து வாங்கி வந்து, அதிலிருந்த மண் கரண்டியை ஐப்பசி மழையில் நனைந்து மெத்தென்று கிடந்த பூமியில் முதல் முதலாகக் குத்திய மாத்திரத்தில், அது கழுத்தில் மடங்கி, ஏதோ அபசாரம் செய்துவிட்டவன் போல என்னை நோக்கித் தலை வணங்கிற்று. தகட்டை அழுத்தி எடுத்த அலகுக்கும் பிடிக்குள் போகும் கம்பிக்கும் இடையே பற்றவைத்த ஒரு புள்ளிதான் அதன் சர்வ பலமும். அலகும் கழுத்தும் ஒரே இரும்பாக அடித்து நீட்டப்பட்டிருந்தால் அது மடங்காது. வாங்கும்போதே கழுத்தைப் பிடித்து முழங்காலில் வைத்து ஒரு முறை அழுத்திப் பார்த்தால் கடைக்காரர் முகம் மாறுவதைக் கொண்டே அதன் தராதரம் விளங்கிவிடும்.

அதன் பிறகு நான் கொல்லுப் பட்டறைக்குப் போனேன். ஆசாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “யாரு வெட்டப் போறாங்க? நீங்களா, ஆள் விட்டா?” என்று கேட்டார். இந்த ஒரு வினாவில் தோட்டக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. நாள் முழுவதும் வரப்பு வெட்டுகிறவனுக்கு அகலமும் கனமும் உள்ள அலகு வேண்டும், கனமே அவனுக்காகப் பாதி வேலையைச் செய்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்து பழகியவனுக்கு அந்தக் கனமே மறுநாள் காலையில் இடுப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கையில் எடுத்துப் பத்து முறை ஓங்கி இறக்கிப் பார்த்து, பத்தாவது ஓங்கலும் முதலாவதைப் போலவே இருக்கிறதா என்று கவனிப்பதுதான் பரீட்சை. அலகைச் சுண்டினால் ‘ணங்’ என்று ஒலி நீள வேண்டும், ‘டக்’ என்று செத்துப் போகக்கூடாது. காம்பில் மரத்தின் ரேகைகள் ஒரு முனையிலிருந்து மறு முனை வரையில் நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடி வெளியேறும் இடத்தில்தான் அது என்றேனும் ஒரு நாள் முறியும். வர்ணம் பூசிய காம்பை வாங்கவே கூடாது என்று ஆசாரி சொன்னார். வர்ணம் எதை மறைக்கிறது என்று நான் கேட்டதற்கு, அவர் பதில் சொல்லாமல் துருத்தியை ஊதத் தொடங்கினார்.

மூன்றாம் வேற்றுமைதான் இவ்வாராய்ச்சியின் கர்ப்பக்கிருகம். ‘மண்வெட்டியால் வெட்டினான்’ என்பதில் ஆல் உருபு கருவிப்பொருளில் வருகிறது. ‘மண்வெட்டியோடு நின்றான்’ என்பதில் ஓடு உருபு உடனிகழ்ச்சிப் பொருளில் வருகிறது. முதல் வாக்கியத்துக்கும் இரண்டாவதற்கும் உள்ள தூரம் ஏட்டில் ஓர் உருபு. என் கொல்லையிலோ அது ஒரு வேப்பமரத்து நிழல். கருத்தாவையும் இலக்கணம் இரண்டாகப் பிரித்து, தச்சனைப் போலத் தானே செய்பவனை இயற்றுதற் கருத்தா என்றும், அரசனைப் போலப் பிறரைச் செய்விப்பவனை ஏவுதற் கருத்தா என்றும் சொல்லுகிறது. எங்கள் வீட்டில் பாத்திகள் யாவும் என்னால் கட்டப்பட்டவை என்று நான் விருந்தினரிடம் சொல்லும்போது என் மனைவி பக்கத்திலிருந்து, “எந்தக் கருத்தா என்று சொல்லிவிடுங்கள்” என்பாள்.

மண்வெட்டி மண்ணைத் தன் பக்கம் இழுக்கும் கருவி. மேல்நாட்டு மண்வாரி மண்ணை அப்பால் தள்ளித் தூக்கும் கருவி. இந்தப் பேதத்துக்குக் காரணம் தேசத்தின் குணபேதம் என்றெல்லாம் தத்துவம் பேசாமல், காலைக் குனிந்து பார்த்தால் போதும். மண்வாரியின் தோளிலே பாதத்தை வைத்து உடம்பின் பாரத்தையெல்லாம் இறக்கினால்தான் அது பூமிக்குள் இறங்கும். அதற்குக் கெட்டியான அடித்தோல் வைத்த பூட்ஸ் வேண்டும். செருப்பில்லாத காலோடு சேற்றில் நிற்கிறவன் அந்த இரும்பு விளிம்பை நாலு தடவை மிதித்தால் ஐந்தாவது தடவை வைத்தியரிடம் போக வேண்டியதுதான். ஆகவே தோளின் வீச்சையும் அலகின் கனத்தையும் கொண்டு வெட்டும் கருவி வெறுங்காலுக்கு உரியது. மண்வெட்டியின் வரலாற்றை எழுதப் புகுகிறவர்கள் செருப்பின் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் சித்தாந்தம்.

கவாத்துக் கத்தரியின் கதை இதைவிட விசித்திரமானது. பதினாறாம் லூயி மன்னனிடம் கடற்படை மந்திரியாக இருந்து, புரட்சிக்காரர் கையில் அகப்படாமல் இங்கிலாந்துக்கு ஓடிப்போன பெர்த்ரான் த மொல்வில் என்ற பிரபு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கண்டுபிடித்தார் என்று தோட்டக்கலை நூல்கள் கூறுகின்றன. தலைகளை வரிசையாகக் கொய்த ஓர் இயந்திரத்துக்குத் தப்பிய மனிதர், மிஞ்சிய காலத்தில் கிளைகளைக் கொய்ய ஓர் இயந்திரம் செய்தார் என்பதில் எனக்கு ஒரு மனோதத்துவம் புலனாகிறது. அது நிற்க. இக்கத்தரியில் இரண்டு ஜாதி உண்டு. இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று உரசித் தாண்டிப் போவது பச்சைக் கிளைக்கு ஏற்றது. கூரிய அலகு தட்டையான பட்டடையின்மேல் போய் மோதுவது காய்ந்த குச்சிக்கு மட்டுமே ஏற்றது, பச்சைக் கிளையில் வைத்தால் தண்டை நசுக்கிவிடும். மல்லிகையை நவம்பர் இறுதியில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்டிவிட வேண்டும். எங்கள் வீட்டில் முதல் வருஷம் அதை நான் பட்டடைக் கத்தரியால் செய்தேன். அந்தப் பங்குனியில் பூக்காரியிடம் ரொக்கம் கொடுத்துத்தான் பூ வாங்கினோம்.

வெட்டும்போது மொட்டுக்குச் சற்று மேலே, நீர் மொட்டின்மேல் வழியாதபடி அதற்கு எதிர்ப்புறமாகச் சரித்து வெட்ட வேண்டும் என்பதையும், ஒரு விரல் கனத்துக்கு மேற்பட்ட கிளைக்குக் கத்தரியை விட்டு ரம்பத்தை எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லி, பூவாளியைப் பற்றி மல்லாந்த துளைகளே நாற்றுக்கு நல்லவை, அவற்றின் வழியே நீர் மேலெழும்பித் தூறலாக விழும் என்று ஒரு வாக்கியத்தில் முடித்துக்கொள்கிறேன். மண் கரண்டிக்குப் பதில் சமையலறைக் கரண்டி உதவுமா என்ற வினாவுக்கு, மிக நன்றாக உதவும் என்பது விஞ்ஞான ரீதியான விடை. அதைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பதில் உள்ள சிரமங்கள் இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. இலை கூட்டும் வாரிக்கோல் வேண்டவே வேண்டாம். விளக்குமாறு இருக்கிறது.

நான்காம் வேற்றுமைக்குரிய பொருள்களிலே கொடை, பகை, நட்பு என்ற மூன்றும் அடுத்தடுத்து நிற்பதைக் கண்டு வியக்காதவர் இரவல் கொடுத்தறியாதவர். “மாமா, அப்பா மம்பட்டி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. கறிவேப்பிலைக் கன்னு ஒண்ணு வைக்கணுமாம், அரைமணியில குடுத்துடுறோம்” என்று பக்கத்து வீட்டுப் பையன் வந்து நிற்பது நட்பு. கொடுப்பது கொடை. அந்தக் கறிவேப்பிலைக் கன்று என் தலைக்கு மேல் வளர்ந்து, அதிலிருந்து எங்கள் ரசத்துக்கு இரண்டு ஈர்க்கு வரும் காலத்தில், மண்வெட்டி இன்னும் திரும்பாமலிருப்பதற்கு இலக்கணம் இட்ட பெயரை நான் மறுபடியும் எழுத விரும்பவில்லை.

ஐந்தாவதாகிய நீங்கலில், இரும்பை விட்டு எண்ணெய் நீங்கினால் அவ்விடத்தில் துரு வந்து குடியேறும் என்பது தவிரச் சொல்ல அதிகமில்லை. வேலை முடிந்ததும் மண்ணைச் சுரண்டித் துடைத்து, பழைய எண்ணெய் கலந்த மணல் நிரப்பிய சட்டியில் அலகைக் குத்தி எடுத்தால் ஒரு மழைக்காலம் தாங்கும். இரவல் வீட்டில் இந்தச் சட்டி இருப்பதில்லை.

ஆறாம் வேற்றுமையில்தான் வழக்கு முற்றுகிறது. தன்னை விட்டுப் பிரியாததைத் தற்கிழமை என்றும் பிரியக்கூடியதைப் பிறிதின்கிழமை என்றும் இலக்கணிகள் பிரிப்பார்கள். என் மண்வெட்டி மூன்றாம் வருஷத்தில் ஒரு நாள் தானாகத் திரும்பி வந்தபோது, பழைய காம்பு முறிந்துபோய்ப் பூவரசங் காம்பு ஒன்று புதிதாகப் போட்டிருந்தார்கள். அலகு என்னுடையது, காம்பு அவருடையது. காம்பு மண்வெட்டியின் தற்கிழமையா, பக்கத்து வீட்டுக்காரரின் பிறிதின்கிழமையா என்ற இந்த நுட்பமான பிரச்சினையில் எங்கள் இருவருக்கும் அபிப்பிராய பேதம் ஏற்பட்டு, அவர் தம் காம்பை எடுத்துக்கொள்ள வேண்டுமென்று வந்து, காம்போடு அலகும் பிரியாமல் போய்ச் சேர்ந்தது. அலகும் காம்பும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதற்காக அதை முதல்நாள் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போட்டவன் நான்தான்.

ஏழாவதற்கு இடப்பொருள், ‘கண்’ உருபு. கிணற்றடிக்கண், மாட்டுக்கொட்டில்கண், விறகுக்கட்டின்கண் என்று தேடிப் பார்த்து, அந்த உருபுக்குக் கண் என்று பெயரிட்டவரும் கண்ணால் தேடியவர்தான் என்று தேறினேன்.

எஞ்சியது விளி. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வேலியோரம் போய் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே, தாம் அதை வேறொருவருக்குக் கொடுத்ததாகவும், அவரிடமிருந்து எவனோ ஒருவன் எடுத்துக்கொண்டு போனதாகவும் சொன்னார். “எவன்?” என்றேன். “அவன்தான்” என்றார், தெருக்கோடியைக் கையால் காட்டி. நான் வாயைத் திறந்தேன். பிறகு நன்னூல் நினைவுக்கு வந்தது. அவன், எவன் என்று சுட்டும் வினாவும் முதலாக வரும் பெயர்கள் விளி ஏற்பதில்லை.