ஆக்ஸில் சில்லறையியல்: ஜி.எம்.சி. லாரியை முன்வைத்து ஓர் ஆய்வு

உருவிற் சிறியது கிடைத்தற் கரிதே.

என்பது என்னுதலிற்றோவெனின், பழைய ராணுவ லாரியைப் புதுப்பிப்பார்க்கு எஞ்சினும் சேஸிஸும் எளிதிற் கிட்ட, விரற்கடை அகல வாஷர் கிட்டாமை உணர்த்துதல் நுதலிற்று.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி, அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் ஜி.எம்.சி. சி.சி.கே.டபிள்யூ. ஓட்டியவர்கள் செல்லமாக ‘ஜிம்மி’ என்றார்கள். 1941 முதல் 1945 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். வண்டிக்கு மூன்று ஆக்ஸில், ஆறு ஹப். ஹப்புக்கு ஒரு லாக் வாஷர் என்று கஞ்சத்தனமாகக் கணக்கிட்டாலும் 30 லட்சம் வாஷர் உலகில் உலவியிருக்க வேண்டும். எங்கே போயின?

குப்பைக்குத்தான். வாஷரின் நாக்கை மடக்கி நட்டைப் பூட்டுவார்கள், அவிழ்க்கும்போது நிமிர்த்துவார்கள். மடங்கி நிமிர்ந்த தகடு மறுபடி மடக்கினால் முறியும். ஆகவே ஒவ்வொரு முறையும் புதிது போடுவதே முறை. சீலுக்கும் கேஸ்கட்டுக்கும் அதே தலைவிதி. எஞ்சினை எறிய நாலு ஆளும் ஒரு கிரேனும் வேண்டும்; வாஷரை எறிய இரண்டு விரல் போதும். எஞ்சியிருப்பவற்றின் பட்டியலை இந்த ஒரு காரணமே தீர்மானித்துவிட்டது என்பது எம் துணிபு.

அஃதாயின், பேரிங்கும் சிறியதே. அது கிடைப்பது எங்ஙனம் எனின், நல்ல கேள்வி. சாய்ந்த உருளை வைத்த டேப்பர் ரோலர் பேரிங்குக்கு ஹென்றி டிம்கன் காப்புரிமை பெற்றது 1898-இல். அந்த மரபில் வந்த பழைய பேரிங்குகள் பலவற்றை இன்றும் எண்ணைச் சொல்லிக் கடையில் வாங்கலாம். டிராக்டரும் ஆலை எந்திரமும் அதே எண்ணைக் கேட்பதால் அந்த எண் சாகவில்லை. நுண்ணளவில் கடைந்த எஃகு கடைக்குப் போனால் கிடைக்கிறது. தகரத்தில் வெட்டிய வட்டம் கண்டம் விட்டுக் கண்டம் தேடினாலும் கிடைப்பதில்லை. எனவே சூத்திரத்தில் ‘ஒரு வண்டிக்கே உரியது’ என்ற அடையைக் கூட்டிக்கொள்க.

ஒரு வண்டிக்கு என்றோம். அதுவும் முழு உண்மையன்று. போர்க்காலத் தேவைக்கு ஓரிடத்து ஆக்ஸில் போதாமல் ஈரிடத்தில் வாங்கினார்கள். டிம்கன் ஆக்ஸிலில் நடுவிலுள்ள உறை இரண்டாகப் பிளந்து போல்ட்டால் இணைந்திருக்கும், இது ‘ஸ்பிளிட்’. ஷெவர்லே ஆக்ஸிலில் உறை ஒரே துண்டு, நடுவில் வட்டமாக உப்பியிருக்கும்; இது ‘பாஞ்சோ’. பெருமாள் ஒருவரே, வழக்கு நாமத்தில். வடகலை ஹப்புக்குத் தென்கலை சீலை எழுந்தருளப் பண்ண முயன்றவர்கள் சுத்தியலோடு திரும்பியிருக்கிறார்கள்.

மூலநூல் இல்லாமலில்லை. ராணுவத் தளவாடத் துறையின் உதிரிப்பாகப் பட்டியலில் இவ்வண்டிக்கு ஜி-508 என்று எண். ஜீப்புக்கு ஜி-503. ஆனால் ஒரே பாகத்துக்குத் துறை ஓர் எண் கொடுத்தது, செய்த நிறுவனம் வேறோர் எண் கொடுத்தது. விற்பவர் பெட்டி மேலுள்ள எண்ணைப் படிக்கிறார், வாங்குபவர் கையேட்டிலுள்ள எண்ணைக் கேட்கிறார். இருவருக்கும் நடுவில் இருக்கும் மேசை மேலேயே அந்த வாஷர் கிடக்கும். பாடபேதம் பார்க்கத் தெரியாதவர் இத்துறைக்கு வரலாகாது.

கிடைக்கும் இடங்களுள் தலையாயது பிரான்சு. போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் விட்டுச்சென்ற லாரிகளை அந்நாட்டு ராணுவம் பல்லாண்டு ஓட்டியது. ஓட்டியதால் உதிரிப்பாகம் சேர்த்தது, பின்னர் கழித்துக்கட்டியது. அப்படி வெளிவந்த சரக்கு மெழுகுத்தாளில், துருவுக்கு எதிரான பிசுக்கு மெழுகு பூசி இருக்கும். பிரிக்கும்போது வரும் பரவசம் ஆய்வு வரம்புக்கு அப்பாற்பட்டது. ஆனால் உள்ளே ஆயில் சீல் இருந்தால் பரவசத்தை ஒத்திவைக்கவும். அக்காலத்துச் சீல்கள் பல தோலாலானவை. எண்பதாண்டு பெட்டிக்குள் இருந்த தோல் அப்பளமாகியிருக்கும். எண்ணெயில் ஊறவைத்துப் பதப்படுத்துவோர் உளர். தண்டின் குறுக்களவு, துளையின் குறுக்களவு, தடிமன் என மூன்று அளவை எடுத்துக்கொண்டு சீல் கடைக்குப் போய் ரப்பர் சீல் வாங்குவோரும் உளர்.

முன்னவர் பின்னவரைச் சாதிநீக்கம் செய்வர். யாம் பின்னவர் பக்கம். ஹப்பில் கசியும் எண்ணெய் பிரேக் லைனிங்கில் ஏறும். ஏறினால் பிரேக் பிடிக்காது. ஆண்டுதோறும் ஜூனில் நார்மண்டிக் கரையோரம் இவ்வண்டிகள் அணிவகுக்கும்போது, முன்னால் போவது தோல் சீல் வண்டியாக இருப்பதே பின்னால் வருவோர்க்கு நலம்.

புறனடை: இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடம்புரி. சக்கரம் சுழலும் திசையில் தாமே தளராதிருக்க அவ்வாறு செய்தார்கள். இதை அறியாதார் ஸ்பானரில் நீளக் குழாய் செருகி, மூவர் தொங்கி, ஸ்டட்டை முறிப்பர். முறித்தவர் தேட வேண்டியது இடம்புரி ஸ்டட். அதிலும் ஸ்பிளிட்டா பாஞ்சோவா, முன்னா பின்னா என்று கேட்பார்கள். விரிப்பிற் பெருகும்.